முப்பது சூரியன் எடையுள்ள கருந்துளைகள்தான் அதிகமா?

போன ஞாயிறு காலை அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு டீக்கடையில் நின்றபோது கதிரேசன் தன் போனை நீட்டினார். கனமான பொருள்கள் சுற்றும்போது வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகள் மூலம் கண்டுபிடித்த கருந்துளை இணைப்புகளின் பட்டியலை இறக்கி, ஒவ்வொரு இணையிலும் பெரிய கருந்துளையின் நிறையை மட்டும் எடுத்து ஒரு பட்டை வரைபடம் போட்டிருந்தார். 30க்கும் 40க்கும் நடுவில் பட்டைகள் கோபுரம் மாதிரி நின்றன. "அப்போ பிரபஞ்சத்துல 30, 35 சூரியன் எடையுள்ள கருந்துளைங்கதான் ஜாஸ்தியா சார்? அப்புறம், 50க்கு மேல இருக்க முடியாதுன்னு படிச்சேனே, இங்க 85, 137னு எல்லாம் வருதே?" என்றார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. கூட நடந்த மற்றவர்களும் கேட்டதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்காக இந்தத் தரவுகளோடு ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த வரைபடத்தைப் பார்த்தால் இன்னமும் மனசு அதிலேயே நின்றுவிடும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை தம்பி. இணைகிற கருந்துளைகளில் மிக அதிகம் இருப்பவை 10 சூரிய நிறையை ஒட்டியவை. 35 அருகே ஒரு மேடு உண்மையாகவே இருக்கிறது, ஆனால் 10 அருகே உள்ள சிகரத்தைவிடப் பல பத்து மடங்கு குட்டையானது. உங்கள் படத்தில் அது கோபுரமாகத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் வரைந்தது நமக்குக் கேட்டவற்றின் படம். இருப்பவற்றின் படம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவது என்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு இருக்கிறது.

முதலில், தராசே இல்லாமல் எடை எப்படித் தெரிகிறது?

சமையலறையில் எவர்சில்வர் அண்டாவின் மூடி கை தவறித் தரையில் விழுந்தால் என்ன ஆகும்? விளிம்பில் சாய்ந்து சுற்றும். முதலில் டங்... டங்... என்று நிதானமாகத் தட்டும். மூடி தாழத் தாழத் தட்டல் நெருங்கி டகடகவென்று ஆகும். கடைசியில் ர்ர்ர் என்று ஒரே இழுப்பாகி, சட்டென்று நின்றுவிடும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகளும் இப்படித்தான் முடிகின்றன. ஈர்ப்பலையாக ஆற்றல் வெளியேற வெளியேற இரண்டும் நெருங்கும், சுற்றும் வேகம் கூடும், அலையின் சுருதியும் சத்தமும் சேர்ந்து ஏறும். அடுத்த அறையிலிருந்தே விழுந்தது அண்டா மூடியா, டம்ளர் மூடியா என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? நமக்கும் அப்படித்தான் தெரிகிறது. கனமான இணை தாழ்ந்த சுருதியில் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். லேசான இணை உயர்ந்த சுருதி வரை ஏறி, நெடுநேரம் ஒலித்து அடங்கும்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரண்டு ஊர்களில் இருக்கும், ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் பதிவான முதல் அலை, 35 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறி முடிய ஐந்தில் ஒரு விநாடிதான் ஆனது. இணைந்தவை ஏறத்தாழ 36, 29 சூரிய நிறை கொண்டவை. உருவானது 62. மிச்சம் 3 சூரியன்கள் அலையாகவே போய்விட்டன. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெருவிண்மீன் வெடித்த பின் மிஞ்சும், கருந்துளையைவிட லேசான அடர்ந்த உருண்டைகள்) இணைந்தபோதோ அலை நூறு விநாடி அளவுக்குக் கேட்டது.

சுருதி எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதிலிருந்து நேராகக் கிடைப்பது இரண்டு நிறைகளும் சேர்ந்த ஒரு கலவை எண். குருவி கீச்சிடுவது மாதிரி சுருதி ஏறுவதால் அதற்கு சிர்ப் நிறை என்று பெயர். இரண்டு நிறைகளின் பெருக்கற்பலனை 3/5 அடுக்குக்கு ஏற்றி, அதைக் கூட்டுத்தொகையின் 1/5 அடுக்கால் வகுத்தால் அது வரும். 36, 29 போட்டுப் பாருங்கள், 28 வரும். இந்த எண் நன்றாகப் பிடிபடும், ஆனால் அதை இரண்டாகப் பிரித்துப் பெரியது எவ்வளவு, சிறியது எவ்வளவு என்று சொல்லும்போது தள்ளாட்டம் வரும். அந்த முதல் நிகழ்விலேயே 36 என்பதற்கு மேலே 5, கீழே 4 விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் படத்தில் ஒவ்வொரு கருந்துளையையும் ஒரு புள்ளியாக வைத்து ஒரே பட்டையில் போட்டுவிட்டீர்கள். உண்மையில் ஒவ்வொன்றும் நாலைந்து பட்டைகளின் மேல் படுத்திருக்கும் ஒரு போர்வை.

இன்னொரு திருத்தமும் உண்டு. பிரபஞ்சம் விரிவதால், வருகிற வழியில் அலை நீண்டு சுருதி தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த சுருதி என்றால் கனம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். அதனால் தொலைவில் உள்ளவை இருப்பதைவிடக் கனமாகத் தெரியும். 2019 மே 21 அன்று வந்த புகழ்பெற்ற நிகழ்வில் 85 சூரிய நிறை கொண்ட கருந்துளை, கருவியில் ஏறக்குறைய 150 ஆகத்தான் தெரிந்தது. தொலைவைக் கணித்து வகுத்த பிறகுதான் 85. தொலைவு தவறினால் நிறையும் தவறும். மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் வரப்போகும் லைகோ இந்தியாவை நான் இவ்வளவு ஆவலோடு எதிர்பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் கருவிகள் கூடக் கூட, திசையும் தொலைவும் தெளியும், நிறையும் தெளியும். 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இணைந்து முடிந்த பிறகு உருவாகும் ஒற்றைக் கருந்துளையின் எடை எப்படித் தெரிகிறது என்றும் யாரோ கேட்டீர்கள். அந்தக் கதை நம் ஊர்க் கதை. கோயில் மணியை ஒரு தடவை அடித்து விட்டுவிட்டால் அதற்கே உரிய ஒரு சுருதியில் ஒலித்து அடங்கும் அல்லவா? கருந்துளையும் உலுக்கப்பட்டால் அப்படித்தான் ஒலித்து அடங்கும் என்று 1970-லேயே கணக்கில் கண்டவர் சி.வி. விஸ்வேஸ்வரா. பெங்களூர்க்காரர். சௌடையா ரோட்டில் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்த நேரு கோளரங்கத்தை ஆரம்பத்திலிருந்து இயக்குநராக இருந்து வளர்த்தவர் அவர்தான். மணியின் சுருதியும் அது அடங்கும் வேகமும் தெரிந்தால் கருந்துளையின் நிறையும் சுழற்சியும் தெரிந்துவிடும். 2016 பிப்ரவரியில் முதல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தார். அடுத்த ஜனவரியில் மறைந்தார். நாற்பத்தைந்து வருடம் முன்பு தான் தாளில் கண்ட ஓசை உலகத்தின் காதில் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதே மாதிரி, மேக்ரி சர்க்கிளுக்குப் பக்கத்தில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பாலா ஐயர் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து, இணையும் முன்பு சுருதி எப்படி ஏறும் என்பதை சூத்திரத்தின் உறுப்பு உறுப்பாகக் கணக்கிட்டார். அந்தக் கணக்குகள் இல்லாமல் இன்று எந்த நிறையையும் படிக்க முடியாது.

சரி, இப்போது கேட்பதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்தால், கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் ரயிலின் ஹாரன் தெளிவாகக் கேட்கும். ஆட்டோ சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்தால்தான் கேட்கும். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டதையெல்லாம் குறித்தால், ரயில் நாலு, ஆட்டோ ஆறு என்று வரலாம். அதை வைத்துப் பெங்களூரில் ரயிலும் ஆட்டோவும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கையில் ஓடுகின்றன என்று எழுதினால் எப்படி இருக்கும்? ரயில் கேட்கும் வட்டம் பெரியது, ஆட்டோ கேட்கும் வட்டம் சின்னது. ஒவ்வொன்றையும் அதனதன் வட்டத்தின் பரப்பால் வகுத்தால்தான் நகரத்தின் நிலவரம் தெரியும்.

கருந்துளைக்கும் இதே கணக்குதான், வட்டத்துக்குப் பதில் கோளம். அலையின் வலிமை சிர்ப் நிறையின் 5/6 அடுக்காக ஏறுகிறது, தொலைவால் குறைகிறது. அப்படியானால் எவ்வளவு தூரம் வரை கேட்கும் என்பதும் 5/6 அடுக்கு. கோளத்தின் கன அளவு அதன் மும்மடி, அதாவது 5/2 அடுக்கு. 10+10 இணையோடு 30+30 இணையை ஒப்பிடுங்கள். நிறை மூன்று மடங்கு. கேட்கும் தூரம் இரண்டரை மடங்கு. கேட்கும் இடத்தின் கன அளவு 15 மடங்குக்கும் மேல். பட்டியலில் 10+10 ஒன்றும் 30+30 ஒன்றும் இருந்தால், உண்மையில் ஒரு 30+30க்குப் பதினைந்து 10+10 இருக்கின்றன என்று பொருள். உங்கள் கோபுரம் இடிவது இங்கேதான்.

இந்தக் கணக்கு தோராயம். மிகக் கனமான இணைகள் வரும்போது சுருதி ரொம்பத் தாழ்ந்து, நிலநடுக்க அதிர்வும் போக்குவரத்து அதிர்வும் மண்டிக் கிடக்கும் பகுதிக்குப் போய்விடும். அங்கே கருவியின் காது மந்தம். அதனால் 5/2 விதி முழுதாகச் செல்லாது. உண்மையான ஆய்வில் சூத்திரத்தை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கணினியில் லட்சக்கணக்கில் போலி இணைகளைச் செய்வார்கள், எல்லா நிறையிலும், எல்லாத் தொலைவிலும், எல்லாச் சாய்விலும். அந்தப் போலி அலைகளைக் கருவியின் நிஜ இரைச்சலுக்குள் கலந்து, தேடும் நிரலை ஓட்டி, எத்தனை பிடிபட்டன, எத்தனை தப்பின என்று எண்ணுவார்கள். சல்லடையின் ஓட்டை எவ்வளவு என்று தெரிய, அளவு தெரிந்த மணலைக் கொட்டிச் சலித்துப் பார்க்கிற மாதிரி. என் ஆய்வு நாட்களில் பெரும்பகுதி இந்தப் போலிகளோடுதான் போனது. பார்வைக்குக் கவர்ச்சி இல்லாத வேலை, ஆனால் இதைச் சரியாகச் செய்யாதவர் போட்ட எந்த நிறைப் படத்தையும் நான் நம்ப மாட்டேன்.

சலித்துத் திருத்திய பிறகு கிடைக்கும் உருவத்தைச் சொல்கிறேன். 2021 இறுதியில் வந்த பட்டியல் வரை 90 நிகழ்வுகள். 2025-ல் வெளியான அடுத்த பட்டியல், 2023 மே முதல் 2024 ஜனவரி வரை கேட்ட 128ஐச் சேர்த்து மொத்தத்தை 218 ஆக்கியது. இதில் சில நியூட்ரான் விண்மீன் சம்பந்தப்பட்டவை, மற்றதெல்லாம் கருந்துளை இணைகள். பெரிய கருந்துளையின் நிறையைக் கிடையாக வைத்துப் பார்த்தால் 10 அருகே கூர்மையான சிகரம். அங்கிருந்து சரிவு. 35 அருகே சரிவு தடைபட்டு ஒரு மேடு. அதற்குப் பிறகு இன்னும் செங்குத்தான சரிவு, ஆனால் பூஜ்யத்தைத் தொடாமல் நூறையும் தாண்டி இழுபடும் ஒரு மெல்லிய வால். வடிவத்தை முன்கூட்டியே திணிக்காமல் தரவையே பேசவிடும் முறைகளிலும் 10ம் 35ம் திரும்பத் திரும்ப வருகின்றன. 20 அருகே ஒரு சிறு மேடு உண்டென்று சிலர் சொன்னார்கள். நான் அதன் மேல் பந்தயம் கட்ட மாட்டேன்.

மொத்தத்தில் இது எவ்வளவு அரிது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு நூறு கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்தால், அதற்குள் வருடத்துக்கு ஒன்றோ, இரண்டு வருடத்துக்கு ஒன்றோதான் இணைகிறது. அந்தப் பெட்டிக்குள் அடங்கும் விண்மீன் மண்டலங்களை நினைத்தால் தலை சுற்றும்.

2016-க்கு முன்னால் இந்தத் துறைக்காரர்களைக் கேட்டிருந்தால், 30 சூரிய நிறைக் கருந்துளையை எதிர்பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதுவரை எக்ஸ் கதிர் மூலம் நம் விண்மீன் மண்டலத்தில் எடை போட்டவை பெரும்பாலும் 5 முதல் 15க்குள் இருந்தன. புகழ்பெற்ற சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை கூட, புதிய அளவீட்டில் 21தான். அப்புறம் 36ம் 29ம் எங்கிருந்து வந்தன?

விடை, அந்த விண்மீன் எதனால் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. வானியலில் ஹீலியத்துக்கு மேல் உள்ள எல்லாவற்றையும் உலோகம் என்றுதான் சொல்வார்கள், ஆக்சிஜனைக் கூட. பெருவிண்மீனின் வெளிப்புறத்தில் இரும்பு போன்றவை இருந்தால், உள்ளிருந்து வரும் ஒளி அவற்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகும். விண்மீன் காற்றாகவே தன் உடம்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். 60 சூரியனாகப் பிறந்தது சாகும்போது இளைத்துப் போயிருக்கும், விடும் கருந்துளையும் சின்னதாக இருக்கும். உலோகம் குறைவான விண்மீனோ சதையைக் காப்பாற்றிக்கொண்டு சாகும், பெரிய கருந்துளையை விட்டுப் போகும். ஆகவே கனமான கருந்துளைகள், பிரபஞ்சம் இளசாக இருந்தபோது உலோகம் சேராத இடங்களில் பிறந்த விண்மீன்களின் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

வெறும் கோட்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் கையா விண்கலம் ஒரு செய்தி கொடுத்தது. நம்மிடமிருந்து வெறும் 2,000 ஒளியாண்டு தூரத்தில், திருவோண நட்சத்திரம் இருக்கிறதே, அதே கழுகு மண்டலத் திசையில், 33 சூரிய நிறையுள்ள கருந்துளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றும் விண்மீனின் நிறமாலையை எடுத்துப் பார்த்தால் உலோகம் மிக மிகக் குறைவு, பழைய காலத்து விண்மீன். அந்தச் செய்தியைப் படித்த இரவு மாடிக்குப் போய்த் திருவோணத்தைத் தேடினேன். பெங்களூர் வெளிச்சத்திலும் அந்த நட்சத்திரம் தெரியும். அருகில் எங்கோ அந்த 33 இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

10 அருகே உள்ள சிகரம் பற்றி எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. இரட்டையாகவே பிறந்து, ஒன்றின் உடம்பை ஒன்று உறிஞ்சி, கடைசியில் இரண்டும் கருந்துளையாகி நெருங்கும் ஜோடிகள் பெரும்பாலும் அந்த நிறையில்தான் முடியும் என்று கணினிக் கணக்குகள் முன்பே காட்டின. 10க்குக் கீழே, 2.5 முதல் 5 வரை ஆளே இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அங்கே ஒன்றிரண்டு பேர் தென்படுகிறார்கள். 2019 ஆகஸ்ட் 14 அன்று 23 சூரிய நிறைக் கருந்துளையோடு இணைந்தது 2.6 சூரிய நிறையுள்ள ஏதோ ஒன்று. 2023 மே 29 நிகழ்வில் ஒரு நியூட்ரான் விண்மீனோடு இணைந்தது 2.5க்கும் 4.5க்கும் இடைப்பட்டது. அந்த வீதி காலி இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு, அவ்வளவுதான்.

35 மேடுதான் என்னைத் தூங்கவிடாதது. இதற்கும் கதிரேசனின் இரண்டாவது கேள்விக்கும் ஒரே வேர்.

மிகப் பெரிய விண்மீனின் நடுப்பகுதி நூறு கோடி டிகிரி அளவுக்குச் சூடாகும்போது விபரீதமான ஒன்று நடக்கிறது. விண்மீனைத் தாங்கிப் பிடிப்பது ஒளியின் அழுத்தம். அந்தச் சூட்டில் ஒளித்துகள்கள் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுமாக ஜோடி ஜோடியாக மாற ஆரம்பிக்கின்றன. தாங்கிப் பிடித்த கைகளே பொருளாக மாறினால் யார் தாங்குவது? நடுப்பகுதி அமுங்கும். அமுங்கினால் இன்னும் சூடு. ஆக்சிஜன் வெடித்து எரியும். விண்மீனின் ஹீலியம் நடுப்பகுதியின் நிறை ஏறத்தாழ 65 முதல் 130 சூரியன் வரை என்றால் அந்த ஒரே வெடிப்பில் விண்மீன் முழுவதும் சிதறிப் போகும், ஒரு கருந்துளை கூட மிஞ்சாது. அதற்குக் கொஞ்சம் குறைந்தவை பல முறை குமுறிக் குமுறித் தன் மேலாடையை எறிந்துவிட்டு, இளைத்த பிறகு கருந்துளையாகும். இதனால்தான் ஏறக்குறைய 50க்கும் 130க்கும் நடுவே விண்மீனிலிருந்து நேராகக் கருந்துளை பிறக்க முடியாது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. இந்தக் காலி இடத்தைப் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் படித்தது சரிதான்.

குமுறி இளைத்தவை எல்லாம் ஒரே நிறையில் வந்து குவியுமே, அந்தக் குவியல்தான் 35 மேடு என்று முதலில் பலரும் எழுதினார்கள். நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை. குவியல் பள்ளத்தின் விளிம்பில் இருக்க வேண்டும், அதாவது 45, 50 பக்கம். அதை 35க்கு இழுத்துவர வேண்டுமானால், கார்பனும் ஹீலியமும் சேர்ந்து ஆக்சிஜன் ஆகும் அணுக்கரு வினையின் வேகத்தை, ஆய்வகத்தில் அளந்ததைவிட வெகுவாக மாற்ற வேண்டியிருக்கிறது. மேலும், குமுறும் அளவுக்குப் பெரிய விண்மீன்கள் அரிது. அந்த மேட்டை நிரப்ப ஆள் போதாது.

அப்படியானால் என்ன? உருண்டையாக அடர்ந்த பழைய விண்மீன் கொத்துகள் என்று இன்று ஒரு சாரார் சொல்கிறார்கள், எனக்கும் அதில் சாய்வு உண்டு. அங்கே உலோகம் குறைவு, நெரிசல் அதிகம். கனமான கருந்துளைகள் நடுவுக்கு மூழ்கி, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஜோடி மாற்றிக்கொண்டே இருக்கும். லேசானவை வெளியே தள்ளப்படும், கனமானவை ஜோடி சேரும். இந்த ஊர்களில் பிறக்கும் ஜோடிகள் இயல்பாகவே 30, 35 பக்கம் தூக்கலாக இருக்கும். இது முழு விடை என்று சொல்லிவிட முடியாது, சுழற்சியின் திசைகளை இன்னும் நிறைய நிகழ்வுகளில் பார்க்க வேண்டும். கொத்தில் சேர்ந்த ஜோடியின் சுழற்சிகள் தாறுமாறான திசையில் இருக்கும், கூடவே பிறந்த ஜோடியில் ஒரே பக்கம் பார்த்திருக்கும்.

இனி 85ம் 137ம். 2019 மே 21 நிகழ்வு பத்தில் ஒரு விநாடிதான். நாலு சுற்று, முடிந்தது. 85ம் 66ம் இணைந்து 142 ஆனது, ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். 2023 நவம்பர் 23 அன்று வந்தது அதையும் தாண்டியது. ஏறத்தாழ 137ம் 103ம் சேர்ந்து 225 அளவில் ஒன்று. பள்ளத்துக்குள்ளும் அதன் மேல் விளிம்பிலும் நிற்பவை எப்படி அங்கே வந்தன?

விண்மீனிலிருந்து நேராக வராவிட்டால், கருந்துளையிலிருந்து வந்திருக்கலாம். ஏற்கெனவே இணைந்து பெருத்த ஒன்று இன்னொரு முறை இணைவது. இதற்கு ஒரு கைரேகை உண்டு. சம நிறையுள்ள இரண்டு இணைந்தால், அவை சுற்றிய சுற்றெல்லாம் பிறக்கும் கருந்துளையின் சுழற்சியாகி, இருக்கக்கூடிய உச்சத்தில் 0.7 பங்கு வேகத்தோடு அது பிறக்கும். ஆக, பள்ளத்துக்குள் நிற்பவை வேகமாகச் சுழல வேண்டும். 2023 நவம்பர் நிகழ்வில் இரண்டும் 0.8, 0.9 என்று பம்பரமாகச் சுழல்வதாகத் தெரிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 2025-ல் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இணையில் சிறியதன் நிறையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், 45க்கு மேல் ஆளே கிட்டத்தட்ட இல்லை. பள்ளம் இருக்கிறது. பெரியவற்றை மட்டும் வரைந்த படத்தில் இரண்டாம் தலைமுறை வந்து நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. கதிரேசன், உங்கள் பாடப் புத்தகத்துக்கும் பட்டியலுக்கும் சண்டை தீர்வது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு சிக்கலை மட்டும் மறைக்கக் கூடாது. இணையும்போது அலைகள் எல்லாப் பக்கமும் சமமாகப் போவதில்லை. துப்பாக்கி பின்னுக்கு உதைப்பது மாதிரி, பிறந்த கருந்துளை ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்படும், விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல். உருண்டைக் கொத்திலிருந்து தப்பிக்க விநாடிக்குச் சில பத்து கிலோமீட்டர் போதும். எறியப்பட்டது வெளியே போய்விட்டால் இரண்டாவது கல்யாணம் எப்படி நடக்கும்? இன்னும் ஆழமான குழி வேண்டும். விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள அடர்ந்த கூட்டம், அல்லது பெருங்கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டு. 225 எங்கே பிறந்தது என்பது இப்போதைக்கு அலையை வைத்து மட்டும் சொல்லக்கூடிய விஷயமில்லை.

கதிரேசனுக்கு ஒரு வேலை. அதே பட்டியலில் சிர்ப் நிறைக்கென்று ஒரு பத்தி இருக்கும். ஒவ்வொரு நிகழ்வையும் ஒன்று என்று எண்ணாமல், சிர்ப் நிறையின் 2.5 அடுக்கால் ஒன்றை வகுத்து, வருவதை அந்த நிகழ்வின் மதிப்பாக வைத்து மறுபடி வரையுங்கள். பைத்தானில் ஒரே வரி. உதாரணத்துக்கு 2017 ஜூன் 8 நிகழ்வு, 11ம் 7.6ம் இணைந்தது, சிர்ப் நிறை 7.9. 2015-ன் முதல் நிகழ்வில் அது 28. கணக்குப் போட்டால் இந்தச் சின்னது ஒன்று அந்தப் பெரியதில் கிட்டத்தட்ட இருபத்து நான்குக்குச் சமம். கோபுரம் கண்ணெதிரே 10 பக்கம் நகரும். நிறைகளின் அச்சை லாக் அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் 10 அருகே எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடிக்கும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: மதிப்பு இப்படி ஏறியதால், லேசான பக்கத்தில் ஒரே ஒரு நிகழ்வு தனியாக ஒரு பட்டையைத் தூக்கி நிறுத்திவிடும். வரும் ஞாயிறு லேப்டாப்பை எடுத்து வாருங்கள், ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எத்தனை நிகழ்வு இருக்கிறது என்று முதலில் அதைத்தான் எண்ணப் போகிறோம்.